கனத்த குண்டும் குட்டித் துப்பாக்கியும்

புஸ்ஸ்ஸ்...

ரேணிகுண்டாவில் பஸ் நின்றபோது பக்கத்தில் ஒரு லாரி பிரேக் காற்றை வெளியே விட்டது. நீளமான, அலுத்துக்கொண்ட மூச்சு. பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். பக்கத்து சீட்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

என் தங்கை வசந்தாவின் துப்பாக்கியும் இப்படித்தான் மூச்சு விடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பயப்படாதீர்கள், காற்றுத் துப்பாக்கிதான். சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றால் வியர்க்க வியர்க்கக் காற்றடித்து, அட்டையில் அச்சிட்ட வட்டத்தைச் சுடுவது. வசந்தாவும் அவள் கணவர் சேகரும் நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறார்கள். ஞாயிறானால் ரேணிகுண்டா பக்கம் ஒரு கிளப்புக்கு வந்துவிடுவார்கள். சிலருக்கு சினிமா, இவர்களுக்கு இது.

போன மாதம் அந்த கிளப்பில் ஓர் அறிவிப்பு. சித்தூரில் நடக்கும் போட்டியில் ஸ்லக் எனப்படும் கனத்த குண்டுக்குத் தனிப் பிரிவாம். கிளப்பிலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம். ஐந்து முறை சுட வேண்டும். யாருடைய ஐந்து ஓட்டையும் ஒரு சோடா மூடிக்குள் அடங்குகிறதோ, அவருக்கு டிக்கெட். வசந்தா பெயர் கொடுத்தாள். மற்ற எல்லாரும் ஆண்கள். எல்லாரிடமும் நீளத் துப்பாக்கி. இவளுடையதோ பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுவிடலாம் போலக் குட்டி.

"ஆ சின்ன கன்னு பருவு மோயதம்மா," என்றார் கிளப் செயலாளர். அந்தக் குட்டி பாரம் தாங்காதாம்.

அவ்வளவுதான்... எனக்கு போன்.

"அண்ணா, நான் சித்தூர் போயே ஆவணும். மோயதாம்! பாத்துடலாம்."

தெரியாத விஷயம் என்றால் எனக்குக் கால் தரிக்காது. திருப்பதியிலிருந்து கிளம்பிவிட்டேன். அன்று அமாவாசை, அவர்கள் தறி ஓடாத நாள். தறிக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணைக் குவித்து, அதன் முன்னால் அட்டையை நிறுத்தியிருந்தார்கள்.

வழக்கமான குண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதற்கு இடுப்பு உண்டு, விரிந்த பாவாடை உண்டு. இறகுப்பந்து மாதிரி காற்றே அதை நேராகப் பிடித்துக்கொண்டு போகும். ஸ்லக் அப்படியல்ல. தலை முதல் கால் வரை ஒரே பருமன். குழாயின் உள்சுவரை முழு உடம்பாலும் உரசிக்கொண்டு, அங்கே வெட்டியிருக்கும் சுருள் வரிகளில் சுழன்று வெளியே வர வேண்டும். அந்தச் சுழற்சி ஒழுங்காக இருந்தால்தான் நேராகப் போகும். ஒரு துளி ஈயத்துக்கு இத்தனை கோட்பாடா!

வசந்தா சுட்டாள். வழக்கமான குண்டு ஐந்தும் ஒரே இடத்தில். ஸ்லக் ஐந்தும்... சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில்.

"ஸ்பிரிங் பத்தல மச்சான்," என்றார் சேகர், ஸ்குரூ டிரைவரோடு. குண்டைத் தள்ளும் காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பிரிங்காம் அது. "தறியில நூலு தொங்கினா இன்னா பண்ணுவோம்? டைட் பண்ணுவோம். அதான் இதுவும்."

டைட் பண்ணினார். சிதறல் கூடியது. இன்னும் டைட் பண்ணினார். ஒரு குண்டு அட்டையையே தொடவில்லை.

"நீ திருப்பிக்கினே இரு. நாளைக்கு அது திருத்தணிக்குப் போய் உழும்," என்றாள் வசந்தா.

"குழாயே சின்னது மே. செயலாளர் சொன்னது கரெக்ட்டுதான் போல," என்றார் சேகர்.

அவளுக்குக் கண் கலங்கியது. துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தாள். கொட்டகை மூலையிலிருந்து ஒரு பிடி வேஸ்ட் நூலை எடுத்து முறுக்கி, குழாய்க்குள் விட்டு இழுத்தாள்.

நகரியில் எதையும் வேஸ்ட் நூலால்தான் துடைப்பார்கள். பைக் செயின், டிவி, மூக்குக்கண்ணாடி, எண்ணெய்க் கை... எல்லாம். எனக்கு அது புதிது. சும்மா ஓர் இழையை உருவிப் பார்த்தேன். ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நின்றது.

"இது ஏன் இப்படி முறைக்குது?" என்று கேட்டேன்.

"பாவு நூலுண்ணா. தறியில அறாம இருக்கக் கஞ்சி போட்டது, அப்படித்தான்..."

பாதியில் நிறுத்தினாள். நூலைப் பார்த்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"யோவ்! இத்தினி நாளா குழாய்க்குக் கஞ்சி ஊத்திக்கினு இருந்திருக்கோம்யா!"

சேகர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெலிதாகத் தொட்டுப் போகும் பாவாடைக் குண்டுக்கு, துடைக்கத் துடைக்கக் குழாயில் படிந்த அந்தக் கஞ்சிப் படலம் பெரிய தொந்தரவில்லை. உடம்பு முழுக்க உரசிப் போகிற ஸ்லக் என்ன செய்யும், பாவம்?

பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்தார்கள். வெந்நீரில் நனைத்த துண்டு, பிறகு உலர்ந்த துண்டு, கடைசியில் ஒரு பொட்டு எண்ணெய். முதலில் இழுத்த துண்டுகள் பழுப்பாக, பிசுபிசுவென்று வந்தன.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஸ்பிரிங் இன்னும் முறுக்கில்தான் இருந்தது. வசந்தா அதைக் கொஞ்சம் தளர்த்தினாள், சுட்டாள், அட்டை வரை நடந்து பார்த்தாள், திரும்பி வந்தாள். மறுபடி கொஞ்சம். வெயில் ஏற ஏற ஓட்டைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன, சமாதானம் ஆகிறவர்கள் மாதிரி.

எதையாவது சரிசெய்ய வேண்டுமென்றால் நம் கை முதலில் ஸ்குரூவுக்குத்தான் போகிறது. தினமும் கையில் இருக்கும் துடைக்கிற நூலை யார் சந்தேகப்படுகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் நானும் நின்றேன். நீளத் துப்பாக்கிகள் முடிந்தன. இரண்டு பேர் மயிரிழையில் தவறியிருந்தார்கள். பிறகு குட்டி. புஸ்... புஸ்... ஐந்து முறை. செயலாளர் அட்டையைக் கொண்டுவந்து அதன்மேல் சோடா மூடியை வைத்தார். ஓர் ஓட்டைகூட வெளியே தெரியவில்லை. மூடியை எடுத்தார், வைத்தார். அட்டையைத் தலைகீழாகத் திருப்பிக்கூட வைத்துப் பார்த்தார்.

"சரே... நுவ்வே வெள்ளு," என்றார். நீயே போ.

வசந்தா அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கேட் வரைக்கும் கூடவே வந்தார் செயலாளர். பின்னாலேயே நீளத் துப்பாக்கிக்காரர்களும். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் மாட்டார்.

"ஏம் சேசாவம்மா? ஏம் ட்யூனிங்?"

அப்படி என்ன செய்தாளாம், என்ன ட்யூனிங்காம்! எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சேகர் உற்சாகமாக, "அது இன்னான்னா சார், கஞ்..." என்று ஆரம்பித்தார். வசந்தா அவர் காலை மிதித்தாள்.

"ஒண்ணுமில்ல சார். இவரு டைட் பண்ணதையெல்லாம் லூஸ் பண்ணேன். வரட்டா?"