இசபெல்லா டீச்சர் வாசலில் பார்த்த படம்

அந்த நாளில் எனக்குச் சினிமாப் பைத்தியம். மறைக்க ஒன்றுமில்லை. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை நான். கடையில் உட்கார்ந்த நேரத்தைவிட டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். வாத்தியார் வேலை கிடைத்துப் பண்ணைக்காட்டுக்கு மலையேறிய பிறகும் சனிக்கிழமை வந்தால் பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பட விழாவுக்குத் தயார் செய்யும் பொறுப்பை இசபெல்லா டீச்சரிடம் கொடுத்தார் எங்கள் ஹெட்மாஸ்டர் மயில்சாமி. எனக்கு வயிறு எரிந்தது.

1961ஆம் வருஷம். கோடைக்கானலில் படம் பார்ப்பதில் ஆசை உள்ளவர்கள் சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கென்று மூன்று நாள் வெளிநாட்டுப் படங்கள் காட்டப் போவதாகச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் கடிதம் அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் காலைக் காட்சி. இருபது பிள்ளைகள், அவர்களோடு உள்ளே உட்கார ஒரே ஓர் ஆசிரியர். ‘மாணவர்களை முன்கூட்டியே தயார் செய்து அழைத்து வரவும்’ என்ற வரியின் கீழே சிவப்புக் கோடு. போன வருஷம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீட்டியடித்தார்களாம். அந்தப் பள்ளிக்கூடத்தை இந்த வருஷம் கூப்பிடவில்லை.

“நீங்க கூட்டிட்டுப் போனா நம்ம பிள்ளைங்க சீட்டியடிக்க இன்னும் நல்லாப் படிச்சுட்டு வரும் ஞானவேல்” என்றார் ஹெட்மாஸ்டர். அதில் பாதி உண்மை இருந்தது.

இசபெல்லா டீச்சருக்கு அப்போது முப்பத்தைந்து வயசு இருக்கும். செண்பகனூர்ப் பக்கத்து உபதேசியார் மகள். உபதேசியார் என்றால் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். அப்பா காலமான பிறகு டீச்சர் பண்ணைக்காட்டில் தனியாக ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். யாரையும் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அவர் வகுப்பைத் தாண்டிப் போகும்போது உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் பயிற்சியை நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வேலை மெனக்கெட்டுத்தான். டீச்சர் மேஜைமேல் ஒரு அரிக்கேன் விளக்கை வைத்திருந்தார். அதுதான் படம் காட்டும் மெஷின். இருபது பிள்ளைகளையும் அந்த விளக்கைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். “எல்லாரும் மெஷினையே பாக்கணும். அதுலருந்துதான் படம் வரும். அங்க இங்க திரும்பக் கூடாது” என்றார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. பூசையில் பீடத்தைப் பார்ப்பதுபோல் பிள்ளைகள் விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். இருமல் வந்தால் கைக்குட்டையை எப்படி வாயில் வைப்பது, எழுந்து போவதென்றால் சுண்டுவிரலை எப்படிக் காட்டுவது, சத்தமில்லாமல் குனிந்து எப்படி நடப்பது என்று ஒவ்வொன்றாக நடந்தது. நான் உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அந்தப் புத்தியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் ஆறாம் வகுப்பு வடிவுதான் எழுந்தாள். “டீச்சர், மெஷினு நம்ம முதுகுக்குப் பின்னால இருக்கும்ங்க. வெளிச்சம் தலைக்கு மேல போயி முன்னால துணியில விழும்.”

“நீ பாத்திருக்கியா?”

“பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குப் போனப்ப பாத்தேன் டீச்சர்.”

“இன்னும் யாரெல்லாம் சினிமா பாத்திருக்கீங்க?”

பதினேழு கைகள் பயந்து பயந்து மேலே வந்தன. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள். டீச்சர் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “நான் பாத்ததில்ல. பெஞ்சத் திருப்பிப் போடுங்க” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே என் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால், பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது என்று நான் ஒப்புக்கொண்டிருப்பேனா? மழுப்பி ஒரு கதை கட்டியிருப்பேன்.

மறுநாளிலிருந்து பாடம் தலைகீழானது. கொட்டகையில் என்னென்ன நடக்கும் என்று டீச்சர் கேட்க, பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினார். சாமி வந்தால் சூடம் கொளுத்துவார்கள். வில்லன் அடித்தால் அவன் பரம்பரையையே திட்டுவார்கள். முன்னால் உயரமான ஆள் உட்கார்ந்தால் மணலைக் குவித்து மேடு போட்டு அதன்மேல் உட்காரலாம். ரீல் அறுந்தால் கத்த வேண்டும், கத்தாவிட்டால் ஒட்ட மாட்டான். “இது கெடையாது, இதுவும் கெடையாது” என்று டீச்சர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் பலகையில் மிஞ்சியது ‘அழலாம்’ என்ற ஒன்றுதான். சத்தமில்லாமல் என்று பக்கத்தில் சேர்த்து எழுதினார்.

படம் ஏதோ பனி நாட்டுப் படம். பாஷை புரியாது, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அதனால் கதைச் சுருக்கத்தை ஒரு தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். டீச்சர் அதைத் தமிழில் எழுதி, தினம் கொஞ்சமாகச் சொன்னார். மலைக் கிராமத்தில் அப்பா இல்லாத ஒரு பெண். அவள் வீட்டில் பொதி சுமக்கும் ஒரு மட்டக்குதிரை. ஒரு நாள் பனிப் புயலில் குதிரை தொலைந்துவிடுகிறது. யாரிடமும் சொல்லாமல் அவள் தேடிப் புறப்படுகிறாள். அதோடு தாள் முடிந்துவிட்டது. ‘முடிவு மனத்தை உருக்கும்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

பண்ணைக்காட்டில் காப்பி மூட்டை சுமக்கிற மட்டக்குதிரைகளைத் தெரியாத பிள்ளை உண்டா? வகுப்பு இரண்டுபட்டது. குதிரை குளிரில் செத்துவிடும் என்று ஒரு கட்சி, செந்நாய் அடித்துவிடும் என்று ஒரு கட்சி. பனி நாட்டில் செந்நாய் உண்டா என்று சின்னக்கருப்பன் என்னிடம் வந்து கேட்டான். ஸ்டாப் ரூமில் டீச்சரே அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பின்பக்கத்தில் மீதிக் கதை இருக்கும் என்பதுபோல.

“குதிர கெடச்சிரும்னு நெனக்கிறீங்களா சார்?” என்று என்னிடம் ஒரு நாள் கேட்டார்.

“ரெண்டு வாரத்துல நேர்லயே பாக்கப் போறீங்களே டீச்சர்” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “நான் உள்ள போக முடியாது சார். நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். பதினைந்து வயதில், ஒரு தவக்காலத்தில், அப்பா அவரைச் சிலுவைக்கு முன்னால் முழங்கால் போட வைத்து வாக்கு வாங்கியிருக்கிறார். ‘சாகிற வரைக்கும் சினிமாக் கொட்டகைக்குள் காலடி வைக்க மாட்டேன்.’ இருபது வருஷமாக அதில் கஷ்டமே இல்லையாம், ஆசை வந்தால்தானே கஷ்டம்? இப்போது ஒரு மட்டக்குதிரையால் வந்துவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “கொட்டகைன்னுதானே சொன்னீங்க டீச்சர்? அவங்க காட்டப் போறது ஒரு ஹால்ல. ஹாலு வேற, கொட்டகை வேற” என்றேன்.

“வார்த்தைய வச்சு வெளையாடக் கூடாது சார். என்ன நெனச்சுச் சொன்னேன்னு எனக்குத் தெரியும்ல?”

“அப்ப மாதா கோயில் சாமியார்கிட்டக் கேளுங்க. ஒரு நிமிசத்துல விலக்குக் குடுத்துருவாரு.”

“குடுத்துருவாரு. ஆனா நான் வாக்குக் குடுத்தது அப்பாவுக்கு. அவரு இருந்தா அவருகிட்டக் கேட்டுருப்பேன்.” அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

விழா நாளன்று வெள்ளனே பஸ் ஏறினோம். டீச்சரும் வந்தார். பயிற்சி கொடுத்தவர் வாசல் வரைக்குமாவது வராவிட்டால் பிள்ளைகள் மிரளும் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லியிருந்தார். கோடைக்கானலில் இறங்கியபோது மூடுபனி. ஸ்வெட்டர் இருந்த பிள்ளைகள் ஐந்தாறு பேர்தான், மற்றவர்கள் அம்மாவின் பழஞ்சேலையை நாலாக மடித்துப் போர்த்தியிருந்தார்கள். ஹால் வாசலில் சட்டையில் சங்கத்துப் பட்டை குத்திய ஒருவர் தலைகளை எண்ணி உள்ளே விட்டார். டீச்சர் வராந்தாவில் கிடந்த பெஞ்சில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். “உள்ள வாங்க டீச்சர்” என்று வடிவு இழுத்தாள். “நீ போ. வெரசாப் போ. முதுகுப் பக்கம் மெஷினு” என்று சிரித்தார் டீச்சர்.

விளக்கு அணைந்தது. எங்கள் பிள்ளைகள் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. பக்கத்து வரிசையில் பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குசுகுசுவென்று பேசியபோது, சின்னக்கருப்பன் திரும்பி வாயில் விரல் வைத்துக் காட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என்னவோ நானே பழக்கியதுபோல.

படம் அப்படி ஒரு படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஆனால் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சுண்டுவிரலைக் காட்டினாள். போ என்றேன். அவள் வந்ததும் அடுத்தது. பிறகு அடுத்தது. குனிந்து, சத்தமில்லாமல், பழக்கியபடியே ஒவ்வொருவராகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். முதலில் குளிர் என்று நினைத்தேன். பட்டைக்காரர் என் பக்கத்தில் வந்து, “சார், உங்க பிள்ளைங்க மாதிரி டிசிப்ளின் நான் பார்த்ததில்ல. ஆனா எல்லாருக்குமா சர்க்கரை வியாதி?” என்று காதைக் கடித்தார். எனக்கு மானம் போனது.

அதற்குள் படம் உச்சத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் வழி தெரியாமல் பனியில் விழுந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. எங்கேயோ தூரத்தில் கழுத்துமணிச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. காற்றா, மணியா, தெரியவில்லை. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். யாரோ என் விலாவில் இடித்தார்கள். வடிவு.

“சார், இப்ப உங்க மொறை.”

“எதுக்கு?”

“டீச்சர்கிட்டப் போய்க் கத சொல்ல. நாங்க எல்லாரும் போயிட்டு வந்துட்டோம். புள்ள பனியில விழுந்தது டீச்சருக்கு இன்னும் தெரியாது. வெரசாப் போங்க சார்.”

சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். இந்த இடத்தில் எழுந்து போ என்று என்னிடம், சினிமாவுக்காகத் தாத்தா கருமாதியைப் பாதியில் விட்டு ஓடிய என்னிடம் சொல்கிறாள். இருந்தாலும் இருபது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வாத்தியாருக்கு அது முடியாது என்றால் எப்படி? குனிந்து, சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

டீச்சர் பெஞ்சின் நுனியில் கதவைப் பார்த்தபடி காத்திருந்தார். வந்தது நான் என்றதும் திடுக்கிட்டவர், அடுத்த நொடியே, “பாலம் ஒடஞ்சு போச்சுன்னு மலைச்சாமி சொன்னான். அப்புறம்?” என்றார். சொன்னேன். புயலை, அவள் விழுந்ததை, அந்த மணிச் சத்தத்தை எல்லாம் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். “மணியேதானா? நல்லாக் கேட்டீங்களா?” என்று என் கையைப் பிடித்துவிட்டார். ஆண்பிள்ளை கை என்பதே அவருக்கு நினைவில்லை. நான் உள்ளே ஓடிவிடப் பார்த்தபோது கதவு திறந்து வெளிச்சம் வந்தது. படம் முடிந்துவிட்டது.

பிள்ளைகள் வரிசையாக வந்து எங்கள் முன்னால் நின்றார்கள். பஸ் ஏறும்வரை பேசக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். பேசவில்லை. இருபது முகத்திலும் அழுத தடம், இருபது வாயும் பூட்டு.

“சொல்லுங்களேன்! பேசலாம்! பேசலாம்டி!” என்று டீச்சர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவ்வளவுதான், இருபது பேரும் ஒரே நேரத்தில் உடைந்து கொட்டினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசியில் வடிவு எல்லாரையும் அமர்த்திவிட்டுச் சொன்னாள். “குதிரைய அந்தப் புள்ள கண்டுபிடிக்கலீங்க டீச்சர். குதிரதான் அந்தப் புள்ளயக் கண்டுபிடிச்சுச்சு. பக்கத்துல ஒட்டிப் படுத்துச் சூடு குடுத்துச்சு. விடியற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.”

“எனக்கு இது தோணவே இல்லியே” என்று டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார், சத்தமில்லாமல். பட்டைக்காரர் வந்து அடுத்த வருஷமும் பண்ணைக்காட்டுக்குக் கடிதம் வரும் என்றார். டீச்சருக்கு அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஒருத்தியின் கதையில் குதிரை வெள்ளை, இன்னொருத்தன் கதையில் செவலை. சின்னக்கருப்பன் கதையில் ஒரு செந்நாய் வந்து போனது. அப்படி ஒன்றும் படத்தில் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பெருமாள்மலை தாண்டியதும் வடிவு கேட்டாள், “நீங்க மட்டும் படம் பாக்காமப் போயிட்டீங்களே டீச்சர், வருத்தமா இல்லீங்களா?”

“யாருடி பாக்கல? நீங்கல்லாம் ஒரு படந்தான் பாத்தீங்க. நான் இருவது படம் பாத்துட்டு வாரேன்.”

எனக்குக் கிடைத்தது முக்கால் படம். ஆனால் அன்றைக்கு நான் பட்ட பொறாமை அந்த மீதிக் காலுக்காக இல்லை.