ஆட்டு வலைக்குள் ஒரு கோடை

என் மகளுக்கு நடை ஓட்டமாக மாறியதும், எனக்கு முழங்கால் வீங்கியதும் ஒரே கோடையில்தான். அவள் இப்போது புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். நான் சொல்ல வந்தது அவளுக்கு இரண்டு வயது இருந்தபோது வந்த கோடையைப் பற்றி.

என் வயதுப் பெண்கள் பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் எனக்கு அவள் பிறந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. மாதாமாதம் வருவதும் நின்றுவிட்டது. இனி அந்த நினைப்பே வேண்டாம் என்று நான் அடங்கிப்போயிருந்தேன். வயிற்றில் கட்டி என்று பயந்துதான் கீழ்வேளூருக்குப் போய் டாக்டரம்மாவிடம் காட்டினோம். அந்த அம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் அங்கே கிடந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்தது சந்தோஷமா வெட்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வயிறு வெளியே தெரிந்த நாளிலிருந்து நான் தெருக்குழாய்க்குப் போகவில்லை. அவர்தான் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அதற்கு முன்னாலும் நான் நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கிறவள் இல்லை. அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீடு ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். வருஷத்தில் பாதி நாள் அதில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் போகும். கோடையில் வெறும் மணல். அந்த வருஷமும் உளுந்து எடுத்து முடிந்ததும் என் வீட்டுக்காரர் வயலில் கிடை போட்டார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலெல்லாம் மேய்த்துவிட்டு, இருட்டினதும் நம் வயலில் வலை கட்டி ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. மந்தைக்குப் பெரியவரைக் கீதாரி என்போம். அவரும் அவர் சம்சாரமும் எங்கள் வயலிலேயே ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு தங்கியிருந்தார்கள்.

பாப்பாவுக்கு அந்த ஆட்டுக்குட்டிகள் என்றால் உயிர். பொழுது விடிந்ததும் "மே, மே" என்று வாசல் பக்கம் கையைக் காட்டுவாள். பழைய சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் ஊட்டுவதற்குள் ஓடிவிடுவாள். நான் எழுந்திருக்க முதலில் ஒரு கையைச் சுவரில் ஊன்ற வேண்டும், அப்புறம் மறு கையைத் தொடையில் ஊன்ற வேண்டும், அப்புறம் சாமியைக் கூப்பிட வேண்டும். அதற்குள் அவள் தெருவில் இருப்பாள். யாராவது போகிறவர்கள் தூக்கிக்கொண்டு வந்து விடுவார்கள்.

சித்திரை முடியப்போகும் சமயம் என் வீட்டுக்காரரின் அக்கா பட்டுக்கோட்டையிலிருந்து வந்தார்கள். அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். தென்னந்தோப்பு, மாடி வீடு, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த குடும்பம். என் பேறுகாலத்துக்கு வந்து, நாற்பது நாள் இருந்து, எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்ததும் அவர்கள்தான். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கொடுக்கிற கையும் அதே அளவுக்கு நீளம். வரும்போது பாப்பாவுக்கு ஐந்து கவுனும் ஒரு கூடை தேங்காயும் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் வந்த மறுநாள் மத்தியானம். கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் கண் அசந்திருந்தார். அண்ணி உள்ளே பனையோலை விசிறியோடு படுத்திருந்தார்கள். நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால் கரண்டி மட்டும் கிடந்தது.

வாய்க்கால் கரைக்குப் போய்ப் பார்த்தேன். மணலில் சின்னச் சின்னதாகப் பாதம் பதிந்து மதகுப் பக்கமாகப் போயிருந்தது. கரையில் இறங்கக் காலை வைத்தேன். முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. "பாப்பா" என்றது எனக்கே கேட்கவில்லை. என் பின்னால் அண்ணியின் குரல்தான் ஊரைக் கூட்டியது.

"ஏய்! பாப்பாவைக் காணுமே! ஓடியாங்களேன்!"

நாங்கள் பதறி முடிப்பதற்குள் வாய்க்கால் வளைவிலிருந்து கீதாரி வந்தார். தோளில் பாப்பா. கவுன் நனைந்து சேறாக இருந்தது. கையில் ஒரு நத்தை ஓட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"மதகுக்கடியில கொஞ்சம் தண்ணி தேங்கிக் கெடக்குல்ல, அதுல கைய விட்டு அளஞ்சுக்கிட்டு நின்னுச்சு தாயி. ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். நல்லவேள" என்றார்.

அவளை வாங்கி மடியில் வைத்து முந்தானையால் சேற்றைத் துடைத்தேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. சிரித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள். "தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. இது கன்னுக்குட்டி. உன் பொண்டாட்டி கெழட்டு மாடு. இது ஓடுற ஓட்டத்துக்கு அவளால ஈடு குடுக்க முடியுமா? இப்பக் காஞ்சு கெடக்கு, தப்பிச்சுது. ஜூன்ல தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்க? நான் கூட்டிட்டுப் போறேன். என் மருமக இருக்கா, அவ புள்ளைங்க ரெண்டு இருக்கு, காம்பவுண்டு சுவரு இருக்கு. பள்ளிக்கூடத்துல சேக்குற வரைக்கும் அங்க இருக்கட்டும். நீங்க நெனச்சப்ப வந்து பாருங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணி சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

"அக்கா சொல்றதும் சரியாத்தானே இருக்கு" என்றார் அவர், மெதுவாக. அவர் முகம் ஒரு நாளில் கறுத்துப்போயிருந்தது.

"வைகாசி பொறந்ததும் பொறப்படுறேன். அதுக்குள்ள அதோட துணிமணியெல்லாம் தொவச்சு வையி" என்று அண்ணி என்னிடம் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். இத்தனை வருஷமாக அவர்கள் சொன்ன எதற்கும் நான் தலையைத்தான் ஆட்டியிருக்கிறேன்.

அதுவரைக்கும் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது? என் வீட்டுக்காரர் வயலுக்குப் போய்க் கீதாரியிடம் பழைய வலை ஒன்று வாங்கி வந்தார். நாலு மூங்கில் முளையை அடித்து, வாசலில் வேப்பமரத்தைச் சுற்றி அந்த வலையை இழுத்துக் கட்டினார். கட்டில் நாலு போடும் அளவுக்கு இடம். உள்ளே பாப்பாவை விட்டார். அவள் வலையைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்க அழுதாள். கரண்டி கொடுத்தோம், கொட்டாங்கச்சி கொடுத்தோம், எல்லாவற்றையும் வெளியே எறிந்தாள். கடைசியில் நான் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். உடனே அழுகை நின்றது. நான் எழுந்து வெளியே வந்தேன். மறுபடி ஆரம்பித்தாள்.

வேறு வழியில்லாமல் அன்றிலிருந்து நான் வலைக்குள் குடிபோனேன். முறம் உள்ளே வந்தது. அரிவாள்மனை மட்டும் வராது. அதனால் கீரையைக் கையால்தான் ஆய்வேன். உளுந்தை உள்ளே உட்கார்ந்துதான் புடைத்தேன். சோறு வடிக்க மட்டும் அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்வருவேன்.

ரோட்டில் போகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக நின்றுவிட்டார்கள்.

"என்னக்கா, புள்ளைய அடைக்கச் சொன்னா மாமா ஒங்களையும் சேத்து அடைச்சிட்டாரா?"

"அக்கா எங்க திருட்டு மேய்ச்சலுக்குப் போனாங்களோ!"

"ஏ மாமா, இந்தக் கிடைக்கு ஒரு ராத்திரிக்கு என்ன கேக்குறீங்க? எங்க வயல்லயும் ரெண்டு நாள் போடுங்களேன்!"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வயிற்றை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தவளைக் கொண்டுவந்து ரோட்டைப் பார்க்க உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு நாள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் பாப்பா அதை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு வலைக்கு வெளியே நிற்கிற பெண்களுக்கு முகத்தைக் காட்டிக் காட்டி மறைந்தாள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் எனக்கு ஒன்றைக் கொடுத்து, ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். கீதாரி சம்சாரம் பால் குடிக்கிற குட்டி ஒன்றைத் தூக்கிவந்து உள்ளே விடுவாள். நுங்கு வண்டிக்காரர் வந்தால் என் வீட்டுக்காரர் வாங்கிவருவார். நுங்குக்குள் இருக்கும் தண்ணீரைப் பிள்ளையின் வேர்க்குருவில் தடவுவேன். அவள் சிலிர்த்துக்கொண்டு முதுகை இன்னும் காட்டுவாள்.

அந்த வலைக்குள்தான் நான் என் பிள்ளையை முதன்முதலாக நன்றாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். நாலு அடி ஓடுவாள். திரும்பி வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். நான் இருக்கிறேனா என்று பார்ப்பது போல. மறுபடி ஓடுவாள். வேப்பம்பூ தலையில் விழுந்தால் எடுத்து என் வாயில் வைப்பாள். கசக்கும். நான் முகத்தைச் சுளித்தால் இன்னொன்று தேடுவாள். இருபது வயதில் இவள் பிறந்திருந்தால் நான் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஓடியிருப்பேன். வரப்பில் ஒரு தூளியைக் கட்டிப் போட்டுவிட்டு, அழுதால் மட்டும் வந்து பால் கொடுத்திருப்பேன். இப்படி நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்க எங்கள் பக்கத்தில் யாருக்குக் கொடுத்துவைத்தது? ஓட முடியாத காலுக்குத்தான் அது கிடைத்தது. சாமிக்குக் கணக்குத் தெரியாது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த மரத்தடியில் அந்த நினைப்பு போய்விட்டது.

ஆனால் வைகாசி பிறந்துவிட்டது. அண்ணி முதல் நாளே பையைக் கட்டிவிட்டார்கள். ஐந்து கவுன், பவுடர் டப்பா, பால் தம்ளர், அவள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் என் பழைய சேலைத் துண்டு. எல்லாம் நானே துவைத்து மடித்துக் கொடுத்ததுதான்.

காலையில் அண்ணி குளித்து, நல்ல சேலை உடுத்தி வெளியே வந்தார்கள். நான் வலைக்குள் உட்கார்ந்து பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் தலைகூட வாரலையா? பஸ்ஸு வந்துரும். குடு, நான் வாரிவிடுறேன்."

நான் சீப்பைக் கொடுக்கவில்லை. பாப்பா ஒரு வாய் இட்லியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடினாள். வந்து என் முதுகைத் தட்டினாள். ஓடினாள்.

"இல்லைங்க அண்ணி" என்றேன்.

"என்னது?"

"பாப்பா வரலைங்க. இங்கதான் இருக்கும்."

அண்ணி என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். "டேய், யாருடா பேசுனது? இவளா?"

அவர் கையிலிருந்த பல் குச்சியைக் கீழே போட்டார்.

"நீங்க சொன்னதெல்லாம் நெசந்தாங்க அண்ணி. என்னால ஓட முடியாது. ஆனா எங்கயும் போகாம அது கூடவே உக்கார முடியும். எனக்கு வேற என்ன வேலை?"

"தண்ணி வந்தா?"

"தண்ணி வந்தாலும் கூடவே இருப்பேங்க."

என் குரல் எனக்கே கேட்டது. ரோட்டில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் நான் செத்தே போயிருப்பேன். அண்ணி முகம் சுருங்கிவிட்டது. "நல்லது சொன்னா கெட்டவ" என்றார்கள். அவர்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. பையைப் பிரித்துக் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார்கள். பவுடர் டப்பாவை வைத்தார்கள். பிள்ளையைத் தூக்கி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். காப்பி குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். வழியனுப்பப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்லாச் சொன்ன" என்றார்.

அதற்குப் பிறகு பட்டுக்கோட்டையிலிருந்து போன் வரவில்லை. இவர் போட்டாலும் மருமகள்தான் எடுத்தாள். "அத்தை தோப்புல இருக்காங்க மாமா" என்பாள். அது எனக்கு முள்ளாகத்தான் இருந்தது. எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்த கை அது.

ஜூன் மாதம் பாதி தாண்டியதும் ஒரு காலையில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முன்னால் செத்தையும் நுரையும், பின்னால் காப்பி நிறத்தில் தண்ணீரும் மெதுவாக மணலை நனைத்துக்கொண்டே வந்தன. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அவளை என்னோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு கரையில் நின்றேன். என் வீட்டுக்காரர் இறங்கி ஒரு கை தண்ணீரை அள்ளி அவள் தலையில் தெளித்தார். அவள் வீரிட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தண்ணி வந்துருச்சாமே?" அண்ணியின் குரல்.

"வந்துருச்சுங்க அண்ணி."

"பாப்பா எங்க?"

"என் இடுப்புலதாங்க இருக்கு."

"கீழ எறக்காத" என்றார்கள். அப்புறம், "முட்டி எப்படி இருக்கு? எண்ணெ காச்சி வச்சிருக்கேன். வெள்ளிக்கெழம கொண்டாறேன்" என்றார்கள்.

"வாங்க அண்ணி" என்றேன். பாப்பா போனைப் பிடுங்கி, தண்ணீரைப் பார்த்தபடியே அதற்குள் ஏதேதோ பேச ஆரம்பித்தாள். என் இடுப்பு வலித்தது. அவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.