அம்மா சொன்ன ‘இருக்கேன்’

எங்கள் அம்மாவுக்குக் கைவந்த சோலி ஒன்று உண்டு. வராத ஆளுக்காக வந்த ஆளாக இருப்பது. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காலையில் பேர் வாசிக்கும்போது, பின்னால் வரும் ஜீப்பு இன்னும் வளைவில் திணறிக்கொண்டிருக்கும். அதில் இருப்பவளுக்காக அம்மா இங்கிருந்தே “இருக்கேன்” என்பாள். அம்மா பிந்தும் நாளில் இன்னொருத்தி சொல்வாள். யாரும் இதைப் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன வருஷம் வயிற்றுவலி என்று அம்மாவைப் போடியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஸ்கேன் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில், அம்மாவோடு காய் எடுக்கும் அக்கா. சர்க்கரைக்காரி. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும். அன்றைக்குக் காலையில் அவள் வாசல் கடைக்கு டீ குடிக்க நழுவிவிட்டாள். சீனி போட்ட டீதான், வேறென்ன.

அந்த நேரம் பார்த்து, பயிற்சிக்கு வந்திருந்த நர்சிங் மாணவி ஊசியோடு வந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே நின்று அக்காவின் பேரைக் கூப்பிட்டாள்.

“இருக்கேன் ஆத்தா,” என்றாள் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் அப்போதுதான் வார்டுக்குள் நுழைகிறேன். விஷயம் புரிந்து, வரிசைக் கடைசியில் இருந்த கட்டிலை நோக்கி ஓடினேன்; அதற்குள் அந்த மாணவி கேட்டாள்:

“உங்க பேர நீங்களே ஒருதரம் சொல்லுங்கம்மா.”

அம்மா அக்காவின் பேரையே சொன்னாள். புருஷன் பேரைக் கேட்டதற்கு அக்காவின் புருஷன் பேரைச் சொன்னாள். எடுத்த காரியத்தில் அவ்வளவு நேர்மை.

“கையக் காட்டுங்க.”

போர்வைக்குள் இருந்த கையை வெளியே எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருந்த பேர்ப்பட்டையைப் படித்த நர்சுப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இது சர்க்கரையக் குறைக்கிற ஊசிம்மா. சாப்புடாத ஒடம்புல போட்டிருந்தா உசுருக்கே ஆபத்து.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நீ போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா?” என்று கத்திவிட்டேன். கூடவே அழுகையும் வந்தது.

“அவளத் திட்டுவாகளேன்னுதான்டி,” என்று இழுத்தாள் அம்மா. அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையின் வெளுத்த முகத்தைப் பார்த்தாள். மெதுவாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க பேச்ச நம்பாத ஆத்தா. ஒருத்திக்கு ஒருத்தி பொய்யி சொல்லியே பொழைக்கிறவளுக நாங்க. மொதல்ல கையப் பாரு.”