ராசியான என்ஜின்

எங்கள் லொறி, என்ஜின் ப்ளொக்கில் வெடிப்பு விழுந்து, கொட்டாஞ்சேனை கராஜில் கிடந்தது. ஒட்டுவதா, வேறு போடுவதா என்று என் கணவர் தெருவெல்லாம் கேட்டுத் திரிந்தார்.

மெக்கானிக் தெளிவாகத்தான் சொன்னார். "தண்ணியில்லாமச் சூடேறி வெடிச்சிருக்கு அண்ணை. ஒட்டினா, பாரம் ஏத்தத் திரும்ப வெடிக்கும்."

"ராசியான என்ஜின் தம்பி. வெள்ளிக்கு வெள்ளி தேசிக்காய் கட்டினனான். ஒட்டுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணி எப்ப பாத்தனீங்கள்?"

அவர் லொறியின் முன்னால் கண்ணூறுக்குத் தொங்கிய தேசிக்காயை, வாடிப்போன அந்த எலுமிச்சையைப் பார்த்தார்.

"வேற போடுங்கோ" என்று மெக்கானிக்கிடம் நானே சொல்லிவிட்டேன்.

வேறு ப்ளொக்கோடு லொறி ஓடுகிறது. தேசிக்காய் கட்டுவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. நம்பிக்கையோடு சண்டை பிடித்து யார் வென்றது? ஆனால் வெள்ளிக்கிழமைகளில் முதலில் ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர்ப் போத்தலைத்தான் அவரிடம் கொடுப்பேன். அது காலியாகத் திரும்பி வந்த பிறகே தேசிக்காய் என் கையை விட்டுப் போகும்.