அந்திரட்டி வீட்டுச் சிவப்புக் கொடி

கொடி பிடிக்க ஓர் ஆளை நிறுத்துவது எளிதான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என்னோடு வந்து பார்க்க வேண்டும். பளைக்குத் தெற்கே தண்டவாளம் பராமரிக்கும் குழுவுக்கு நான் மேற்பார்வையாளர். தண்டவாளத்தைக் கழற்றினால், இரண்டு பக்கமும் ஒரு கிலோமீற்றர் தள்ளி ஒவ்வொருவர் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். நான் சொல்லும்வரை கொடியும் இறங்கக் கூடாது, ஆளும் அசையக் கூடாது. இவ்வளவுதான் வேலை.

வடக்குப் பக்கம் நிற்பவருக்கு இதுவே பெரும்பாடு. மாடு சாய்த்துப் போகிறவர், ரியூசனுக்குப் போகிற பிள்ளை, மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்காரர், எல்லோரிடமும் அவருக்குக் கதை இருக்கும். பதினொரு வருடமாக நாட்கூலி. அவருடைய நிரந்தர நியமனப் படிவம் அப்போதுதான் என் மேசைக்கு வந்திருந்தது. மேற்பார்வையாளரின் சிபாரிசு என்ற இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அவரைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்தாலும் படிவம் குப்பைக்குத்தான் போகும். மூன்று பிள்ளைகளின் தகப்பனுக்கு இது தெரியும். தெரிந்தும் திருந்தவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அன்று இரண்டு தண்டவாளங்களைப் பொருத்தும் இரும்புத் தகடு ஒன்றில் வெடிப்பு விழுந்திருந்தது. அதைக் கழற்றிப் புதியதை வைத்து முடுக்கிக்கொண்டிருந்தபோது வடக்கே ரயிலின் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. சரி, கொடிக்காரர் நிற்பாட்டிவிட்டார் என்று என்றுமில்லாமல் அவரை மனதுக்குள் மெச்சினேன். கடைசி ஆணியும் இறுகியதும், கொடியை இறக்கச் சொல்லத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. நான்கு தரம் எடுத்தேன். ரயில் ஓயாமல் ஊதியது. எங்கள் ஆட்கள் என் முகத்தைப் பார்க்காமல் சாமான்களை அடுக்கத் தொடங்கினார்கள். அந்த வெயிலில் சல்லிக் கற்களில் கால் இடற, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

போய்ப் பார்த்தால் கொடி நிற்கிறது, கொடிக்காரரைக் காணவில்லை. தண்டவாளத்துக்கு நடுவில், வெளிர்நிறச் சேலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கொடியை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிறா. அவவுக்கு எதிரே முழு ரயில். பயணிகள் தலையை வெளியே நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். சாரதி சிங்களவர். தனக்குத் தெரிந்த தமிழில் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொடி கீழ போடுங்க. நேரம் போகுது."

"அவர் வந்து சொல்லட்டும்," என்றா அந்தப் பெண்.

அருகிலிருந்த வீட்டில் பந்தல் போட்டிருந்தது. அங்கிருந்து கொடிக்காரர் ஓடி வந்தார். கையில் சோறு காயவில்லை.

"என்ன வேலை பாத்திருக்கிறீர்?" என்றேன்.

"சேர், அந்திரட்டி வீடு, செத்தவருக்கு இண்டைக்கு முப்பத்தோராம் நாள். முதல் பந்தியில நான் இருக்கோணும் எண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போச்சினம். போனை மேசையில வச்சிட்டன், சனத்தின்ர சத்தத்தில கேக்கேல்லை."

"கொடியை ஆரிட்டையாவது குடுத்திட்டுப் போறதோ? உம்மட படிவம் என்ர மேசையில கிடக்குது, தெரியுமோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் அந்தப் பெண்ணிடமிருந்து வந்தது.

"அவரைப் பேசாதேங்கோ தம்பி. நான்தான் வாங்கினனான். எல்லாரும் வேலை செய்யினம், என்னை மட்டும் ஒரு மூலையில இருத்தி வச்சிருக்கினம். இவர் சாப்பிடாமல் போனால் எங்கட அவருக்கு மனம் ஆறாது. இவர்தானே தண்டவாளத்தில கிடந்த அவரைத் தூக்கினவர்."

அப்போதுதான் அது எந்த வீடு என்று எனக்கு உறைத்தது. ஒரு மாதத்துக்கு முன், பக்கத்திலிருக்கும் கேற் இல்லாத கடவையில் ரயில் மோதி இறந்தவரின் வீடு. இவ அவருடைய மனைவி.

கொடிக்காரர் மெல்ல, "அக்கா, இனி இறக்குங்கோ," என்றார். அவ கொடியைச் சுருட்டி அவரிடம் கொடுத்தா. பிறகு ரயிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தா.

"அண்டைக்கு வந்த சனமெல்லாம் சொல்லிச்சுது தம்பி, கோச்சி நிக்காது, அதை ஆரும் நிப்பாட்டேலாது எண்டு. இப்ப நிண்டதுதானே."

அவ பந்தலை நோக்கி நடந்தா. சாரதி என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். தாமதத்துக்கான காரணத்தை எழுதி நான் ஒப்பமிட வேண்டும். கொடிக்காரர் சோற்றுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நியாயப்படி எழுத வேண்டியது ஒரு சொல்தான்: கவனயீனம். முதல் எழுத்தையும் எழுதிவிட்டேன்.

அந்தச் சொல்லை நான் ஒரு மாதத்துக்கு முன்னும் எழுதியிருந்தேன். அவவுடைய கணவர் இறந்த அன்று கடவையைப் பார்க்க அனுப்பப்பட்டவன் நான்தான். கடவையில் குறை இல்லை, காரணம் இறந்தவரின் கவனயீனம் என்று ஐந்து நிமிடத்தில் எழுதி ஒப்பமிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன்.

எழுதிய எழுத்தை வெட்டிவிட்டு, மேற்பார்வையாளர் வேலையை முடிக்கப் பிந்தியதே காரணம் என்று எழுதிக் கொடுத்தேன்.