கௌசிகா டீச்சர் இருந்தால் உட்காருவான்

பாலக்காட்டு எல்லையில் இருக்கிற வடகரப்பதியில் கௌசிகாவுக்கு ஏதோ பெரிய பதவி கிடைத்துவிட்டதாகவே ஊர் பேசிக்கொண்டது. தென்னந்தோப்பும் மாடுமாக இருக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், கல்யாணத்துக்குப் பிறகு கோயம்புத்தூர் போய்ச் சிறப்புக் கல்வி படித்தாள். அது போதாதென்று ஒரு பல்கலைக்கழகம் இரண்டு வருஷத்துக்கு ஃபெலோஷிப் வேறு கொடுத்திருந்தது. காலையில் அங்கன்வாடியில் சொல்லித்தர வேண்டும், மத்தியானம் ஆராய்ச்சி எழுத வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தனியாகப் பிரிக்காமல், மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே வளர்க்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. "ஏம்புள்ள, அங்கன்வாடில சோறூட்டறதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்று அவள் கணவன் மோகனசுந்தரமே கிண்டல் செய்தான்.

ஆராய்ச்சிக்குப் பிள்ளை கிடைத்தான். தர்ஷித், கோமதியின் ஒரே மகன், மூன்றரை வயது. பேச்சு கிடையாது. அங்கன்வாடி வாசற்படியைத் தாண்டியதே இல்லை. உள்ளே பிள்ளைகள் போடும் கூச்சலில் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உருண்டுவிடுவான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கோயில் சொன்னார்கள். கோமதி எல்லாக் கோயிலுக்கும் போய் வந்து ஓய்ந்து, கடைசியில் அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தப் பழகியிருந்தாள்.

கௌசிகா அவசரப்படவில்லை. முதலில் பல நாள் வாசற்படியிலேயே அவனோடு உட்கார்ந்திருந்தாள். எந்தச் சத்தத்தையும் தாங்காத பிள்ளைக்கு அவள் கண்ணாடி வளையல் சத்தம் மட்டும் பிடித்துப்போனது. கையை ஆட்டினால் ஓர் அடி உள்ளே வருவான். அப்படியே வாசலிலிருந்து பாய்க்கு வந்தான், பாயிலிருந்து பிள்ளைகள் வட்டத்துக்கு வந்தான். தீபாவளி கழிந்து ஒரு நாள், எல்லோரோடும் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்த கோமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கௌசிகாவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

மலையாளத்துக்காரியான அங்கன்வாடி டீச்சர் ஜோமோள் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தாள். "கௌசிகே, நீ லீவு எடுத்தா அவனும் லீவு தான், கேட்டோ" என்றாள். கௌசிகா சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளை வட்டத்தில் உட்கார்ந்தான், சரி. எப்படி உட்கார்ந்தான்? அவள் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு. பக்கத்தில் இருக்கிற பிள்ளை யாரென்று அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் வட்டத்தில் உட்கார்ந்திருக்கிற புகைப்படத்தைப் பல்கலைக்கழகத்தில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவர் மட்டும், "நீங்கள் இல்லாதபோதும் உட்காருவானா?" என்று கேட்டார். "உட்காருவான் சார்" என்றாள், யோசிக்காமல்.

அந்தக் கேள்வி பிறகு அவளை விடாமல் அரித்தது. இரண்டாம் வருஷம் விலகிப் பார்த்தாள். சமையலறைக்குள் போய் நின்றால், இங்கே அவன் தரையில் தலையை முட்டிக்கொள்வான். முதல் நாளிலிருந்தே ஜோமோளையும் பிள்ளைகளையும் அவனுக்குப் பழக்கியிருக்க வேண்டும் என்று இவ்வளவு படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் ஓடிவந்து எடுத்துக்கொள்வாள். அவள் கை பட்டதும் அடங்கிவிடுவான். தன்னிடம் மட்டும் அடங்கும் பிள்ளை ஒன்று அவளுக்கும் வேண்டியிருந்தது. இதையெல்லாம் எந்த ஆராய்ச்சியில் எழுதுவது?

மார்ச்சில் ஃபெலோஷிப் முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் இங்கேயே கொடுங்கள் என்று கெஞ்சினாள். ஆய்வுதான் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்றார்கள். அந்த நல்ல முடிவையே காட்டி, ஜூன் மாதம் மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட் பிள்ளைக்காப்பகத்துக்கு அவளை அனுப்பிவைத்தார்கள். போகும்போது இரண்டு வளையலைக் கழற்றி ஜோமோளின் கையில் போட்டுவிட்டுப் போனாள். ஜோமோள் ஆட்டினால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று பிறகு போனில் தெரிந்தது.

ஓண விடுமுறைக்கு ஊருக்கு வந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. கடைசி நாள் கோமதி வீட்டுக்கு நடந்தாள். இரும்புக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தர்ஷித் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் தழும்பு. இளைத்திருந்தான்.

"அங்கன்வாடிக்குப் போறதில்லைங்களா?" என்று கேட்டாள்.

"இழுத்துட்டுப் போய்ப் பாத்தனுங்க. உருண்டு பெரண்டு மேலெல்லாம் காயம். ஜோமோள் டீச்சரும் பாவம், என்னதான் பண்ணுவாங்க" என்றாள் கோமதி. "இப்பெல்லாம் விடிஞ்சா இந்தக் கேட்டுல வந்து உக்காந்துக்கறானுங்க. சோத்துக்குக்கூட எந்திரிக்கறதில்லைங்க."

கௌசிகா தாழ்ப்பாளைத் திறக்கக் கையை நீட்டினாள். வளையல் சத்தம் கேட்டது. தர்ஷித் அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே ஓடினான். அங்கன்வாடிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

அவள் போகாமல் நின்றிருக்கலாம். முடியவில்லை. பழைய வழியிலேயே கூட்டிக்கொண்டு போனான். ஓண விடுமுறை, அங்கன்வாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. அவன் அவள் கையை எடுத்துப் பூட்டின் மேல் வைத்தான். அவள் எடுத்துவிட்டாள். மறுபடியும் எடுத்து வைத்தான்.

கோமதியும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

"நாளைக்கு வருவீங்களா டீச்சர்?"

"இல்லீங்க. நாளைக்கு மூணாறு போகோணும்."

"அப்படீன்னா இன்னைக்கும் வந்திருக்க வேண்டாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "இனிமே வராதீங்க. அவன் மறக்கோணுமில்லீங்களா."

கோமதி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் பூட்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு அலறினான். கௌசிகா வளையல்களை மறுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிற்கும் ரோடு வரும்வரை கையை எடுக்காமலே நடந்தாள்.