நைனாவுக்குத் தெரியாத பல்

என் நைனா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அம்மாவும் நானும் கள்ளிக்குப்பத்தில் இரண்டு எருமைகளோடு இருந்தோம். எனக்கு எட்டு வயதானபோது, ஒரு நாள் காலை, கன்றை அவிழ்க்கக் குனிந்த அம்மாவின் முகத்தில் தாய் எருமை கொம்பால் இடித்துவிட்டது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு போயின. வீக்கம் வடிந்த பிறகும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். நாலு வருடமாக ஊருக்கு வராத நைனா, மூன்று மாத லீவில் வருவதாக அந்த மாதம்தான் கடிதம் போட்டிருந்தார்.

மாமா எங்களை அம்பத்தூரில் ரயிலேற்றிப் பட்டணத்துக்கு, ஒரு சீனாக்காரப் பல் வைத்தியரிடம் அழைத்துப் போனார். அவர் இரண்டு வகை எடுத்துக் காட்டினார். ஒன்று, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கழற்றவே முடியாதபடி பொருத்தும் தங்கப் பல்.

"இத்த வெச்சா கரும்பே கடிக்கலாம்மா. ஆனா பளிச்சுனு தெரியும்."

மற்றது, சிவப்பு ரப்பர் தகட்டில் பதித்த பீங்கான் பல். சின்னக் கம்பியால் மாட்டிக்கொள்வது.

"இது உன் பல்லு மாரியே இருக்கும். துன்றப்போ மட்டும் கயட்டி வெச்சிடு."

அம்மா எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. "எது வெச்சா யாருக்கும் தெரியாது?" என்று மட்டும் கேட்டாள். மாமா தங்கப் பல்லுக்காக எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் பீங்கானைத்தான் வைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் தன் தலையில் அடிக்கவைத்து என்னிடம் சத்தியம் வாங்கினாள். நைனாவிடம் மூச்சு விடக்கூடாது.

நைனா வந்தார். ஆள் கறுத்திருந்தார், அதே சிரிப்பு. தினமும் தட்டின் முன் உட்கார்ந்து, "வா, நீயும் கூட உக்காந்து துன்னு," என்று அம்மாவைக் கூப்பிடுவார். "எனக்குப் பசிக்கல" என்று அவள் உள்ளே போய்விடுவாள். அவர் வெளியே போனதும் தகட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு, சோற்றைக் குழைய மசித்து அவசரமாக விழுங்குவாள். நான் வாசலில் காவல். எனக்கு அது பெரிய விளையாட்டு. நைனா ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், தகடு நழுவிவிடும் என்ற பயத்தில் அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். அவர் சொல்லவந்ததைப் பாதியில் நிறுத்திவிடுவார்.

ஒரு நாள் ஏரிக்கரையில் என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டார்: "உங்கம்மாவுக்கு என் மேல இன்னா கோவம்?"

"ஒண்ணுமில்ல நைனா."

"நா வந்ததே அவளுக்குப் புடிக்கல போல கீது."

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று உள்ளுக்குள் பூரிப்பாக இருந்தது.

மூன்று மாதம் என்று வந்தவர் ஒரே மாதத்தில் கப்பலேறினார். ஆலையில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்றார். பிறகு யுத்தம் வந்தது, ரங்கூனில் குண்டு விழுந்தது, கடிதம் நின்றது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களை எல்லாம் மாமா தேடிப் போய் விசாரித்தார். யாரும் நைனாவைப் பார்த்திருக்கவில்லை.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அவரை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம் ஓடினேன். ஏரிக்கரையில் அவர் கேட்டதையும், நான் சொல்லாமல் காத்ததையும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்படியா கேட்டாரு?" என்றாள்.

"ஆமா. நா சொல்லவே இல்லியே!"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றியதற்கு ஒரு முத்தமாவது கிடைக்கும் என்று முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தேன்.